அசைக்காமல் விடுவதில் இருக்கிறது வேகம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேசர் மார்க்கிங் மெஷினோடு வேலை பார்த்தவர்களுக்கு கால்வோ என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வால்வு, பேரிங், பேனா, குக்கர் மூடி என்று எதன் மேலும் நம்பர் பொறிக்கிற அந்த மெஷினின் தலைக்குள் சின்னதாக இரண்டு கண்ணாடிகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு குட்டி மோட்டாரின் அச்சில் ஒட்டியிருக்கும், அதுதான் கால்வோ. லேசர் நின்ற இடத்தில் நிற்கும், இரும்புத் துண்டும் வைத்த இடத்தில் இருக்கும், கண்ணாடி மட்டும் ஓரிரு டிகிரி இப்படி அப்படித் திரும்பும், கண் இமைப்பதற்குள் எழுத்து விழுந்துவிடும். அந்தக் கண்ணாடிகளை ஓட்டுகிற மின் அலைவடிவங்களை எழுதுவதுதான் பல வருடம் என் பிழைப்பு. இப்போது தரமணிப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் அதே வேலையைச் செய்கிறேன். என்ன வித்தியாசம் என்றால், ஒளி இப்போது இரும்பின் மேல் ஓடுவதில்லை, ஒரு மில்லிமீட்டர் கூட அகலமில்லாத ஒரு மீன்குஞ்சின் மூளைக்குள் ஓடுகிறது.

ஒளியை மெல்லிய தாளாக்கிப் படமெடுக்கும் எங்கள் கருவி, லைட் ஷீட் நுண்ணோக்கி, அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் கேட்பது கேமரா செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் எடுக்கும் என்பதைத்தான். கேட்க வேண்டிய முதல் கேள்வி அது இல்லை என்று நினைக்கிறேன். இந்தத் துறையில் வேகம் கூடிய ஒவ்வொரு கட்டத்திலும், யாரோ ஒருவர் அதுவரை அசைந்துகொண்டிருந்த ஒரு கனமான பொருளை நிறுத்தி வைத்திருக்கிறார். அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அடிப்படை. செல்களுக்குள் ஒளிரும் புரதத்தை வைத்து, லேசரால் அதைத் தூண்டி, திரும்பி வரும் வெளிச்சத்தைப் படமெடுப்பதுதான் ஃபுளோரசன்ஸ் நுண்ணோக்கி. சாதாரண வகையில் ஒளி உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே லென்ஸ் வழியாக என்பதால், நாம் பார்க்க நினைக்கும் அடுக்கோடு சேர்ந்து அதற்கு மேலும் கீழும் இருப்பதெல்லாம் ஒளிர்ந்து படத்தை மங்கலாக்கிவிடும். கன்ஃபோகல் நுண்ணோக்கி ஒரு சின்னத் துளையை வைத்து அந்த மங்கலைத் தடுக்கிறது, ஆனால் அதற்கு விலை உண்டு: புள்ளி புள்ளியாகத்தான் போக முடியும். 512க்கு 512 படத்தில் 2.6 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு ஒரு மைக்ரோ செகண்ட் என்றால் ஒரு அடுக்குக்குக் கால் செகண்ட், 40 அடுக்குக்கு 10 செகண்ட். மீன்குஞ்சின் இதயம் செகண்டுக்கு இரண்டு மூன்று முறை துடிக்கும். நாம் ஒரு முழு 3டி படம் எடுத்து முடிப்பதற்குள் அது இருபது முப்பது துடிப்பு துடித்திருக்கும். இது போதாதென்று, எந்த அடுக்கைப் படமெடுத்தாலும் லேசர் மற்ற எல்லா அடுக்கையும் ஊடுருவிப் போகிறது, ஆக 40 அடுக்கு எடுத்தால் ஒவ்வொரு செல்லும் 40 தடவை அடி வாங்குகிறது. சாயம் வெளுக்கும், செல்லும் வதங்கும்.

லைட் ஷீட்டில் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய தாள் போல உள்ளே விடுகிறோம். அந்த அடுக்கு மட்டும்தான் ஒளிரும். அதற்கு 90 டிகிரியில் நிற்கும் இன்னொரு லென்ஸ் வழியாகக் கேமரா அந்த அடுக்கை முழுசாக ஒரே ஃப்ரேமில் எடுத்துவிடும். லட்சக்கணக்கான புள்ளிகள் ஒரே நேரத்தில், தேவையில்லாத இடத்தில் ஒளியே படாமல்.

இந்த யோசனை புதிதல்ல. 1903லேயே ஸீடென்டாஃப், ஸிக்மாண்டி இருவரும் பக்கத்திலிருந்து ஒளி பாய்ச்சித் தங்கக் கொலாய்டுத் துகள்களைப் பார்த்தார்கள். ஸிக்மாண்டிக்கு 1925ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் கிடைத்தது. 1993இல் வோயீயும் கூட்டாளிகளும் கினிப் பன்றியின் காதுச் சுருளை இப்படிப் படமெடுத்தார்கள். ஆனால் உயிரியல்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தது 2004இல், ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஹுயிஸ்கன், ஸ்டெல்சர் குழு ஸ்பிம் என்ற பெயரில் உயிருள்ள மெடாகா மீன் கருவைப் படமெடுத்துக் காட்டியபோது. அதில் ஒளித்தாளை உருவாக்கியது ஒரு உருளை லென்ஸ்.

தாள் எவ்வளவு மெல்லியதாக இருக்கலாம் என்பதற்கு இயற்கை ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒளியை எவ்வளவு இறுக்கிக் குவிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அது விரிந்துவிடும். 488 நானோமீட்டர் நீல லேசரை, தண்ணீருக்குள், மையத்தில் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆரத்துக்குக் குவித்தால் அது மெல்லியதாக இருக்கும் நீளம் சுமார் 17 மைக்ரான்தான். 2 மைக்ரான் ஆரம் என்றால் 68, 4 மைக்ரான் என்றால் 270க்கு மேல். ஒளி ஒரு செவ்வகத் திறப்பைக் கடக்கும்போது எப்படி வளைந்து பட்டை பட்டையாக விழுகிறது என்று இதே ஊரில், மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது சி.வி. ராமன் ஆராய்ந்திருக்கிறார். 1906இல் பிலசாபிகல் மேகசினில் வந்த அவருடைய முதல் கட்டுரையே அதுதான். மெரினா பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பார்த்து எனக்கு ஒரு பெருமிதம் வரும், நாங்கள் ஒவ்வொரு நாளும் மோதிக்கொள்வது அதே விளிம்பு விளைவோடுதான்.

சரி, வேகத்துக்கு வருவோம்.

2008இல் கெல்லர், ஸ்டெல்சர் குழு உருளை லென்ஸைத் தூக்கிவிட்டுக் கால்வோவைப் போட்டது. மெரினா கலங்கரை விளக்கின் ஒளிக்கற்றையை நினைத்துக்கொள்ளுங்கள், கற்றை ஒன்றுதான், ஆனால் அது சுழலும்போது கடல்பரப்பு முழுவதையும் துடைத்துக்கொண்டு போகிறது. அதே மாதிரி பென்சில் போன்ற ஒரு மெல்லிய கற்றையை மேலும் கீழும் வேகமாக ஓட்டினால், கேமராவின் ஒரு ஃப்ரேம் நேரத்துக்குள் அது ஒரு முழுத் தாளாகிவிடுகிறது. ஓரத்திலிருந்து ஓரம் வரை வெளிச்சம் ஒரே சீராக இருக்கும், தாளின் உயரத்தை வோல்ட்டேஜ் மாற்றியே கூட்டிக் குறைக்கலாம். ஜீப்ரா மீனின் கரு முதல் 24 மணி நேரத்தில் செல் செல்லாக எப்படி வளர்கிறது என்பதை அவர்கள் இதை வைத்துத்தான் பதிவு செய்தார்கள்.

கால்வோவை ஓட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பிஎச்டி மாணவி ஒருத்தி ஒருநாள் வந்து, "அண்ணா, படத்துல பாதி வெளிச்சமாவும் பாதி மங்கலாவும் வருது, மீன்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள். "எக்ஸ்போஷர் எவ்வளவும்மா வெச்சிருக்க?" என்றேன். 12 மில்லி செகண்ட். கற்றை ஒரு தடவை மேலிருந்து கீழே வர 5 மில்லி செகண்ட். அப்படியென்றால் ஒரு ஃப்ரேமுக்குள் 2.4 நடை. சில வரிசைகளுக்கு மூன்று முறை ஒளி கிடைத்திருக்கிறது, மீதிக்கு இரண்டு முறைதான். எக்ஸ்போஷரை 10க்கு மாற்றியதும் சீராகிவிட்டது. எக்ஸ்போஷருக்குள் முழு எண்ணிக்கையில் நடை முடிய வேண்டும், ஒவ்வொரு ஃப்ரேமும் கற்றையின் அதே இடத்தில் தொடங்க வேண்டும்.

அடுத்து கேமராவின் ரோலிங் ஷட்டர். நம் மொபைலில் ஓடும் ரயிலைப் படமெடுத்தால் ஜன்னல் சாய்ந்து தெரிவது இதனால்தான், படத்தின் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகின்றன. எல்லோரும் குறை என்று சொல்கிற இதை லைட் ஷீட்காரர்கள் வரமாக மாற்றினார்கள். கற்றை ஓடும் வேகமும் வரிசைகள் விழிக்கும் வேகமும் ஒன்றாக இருந்தால், கற்றை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்து வரிசைகள் மட்டும் விழித்திருக்கும், திசுக்களில் சிதறி வேறு வரிசைகளில் விழும் வெளிச்சம் பதிவாகாது. கன்ஃபோகலின் துளை செய்கிற வேலையை, துளையே இல்லாமல், எந்தப் பொருளையும் கூடுதலாக அசைக்காமல் கேமராவின் சிப்பே செய்துவிடுகிறது. ஆனால் இதற்குப் பயன்படும் எஸ்சிமாஸ் வகைக் கேமராக்களில் பலதும் வழக்கமாக நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படிக்கக்கூடியவை. கற்றையைத் தொடர்வதற்கு ஒரே திசையில் படிக்கச் சொன்னால் வேகம் சுமார் பாதியாகிறது. தெளிவு வேண்டுமா, வேகம் வேண்டுமா என்று ஒவ்வொரு சோதனைக்கும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆழத்தில் இருக்கும் நியூரான் (நரம்பு செல்) என்றால் நான் தயங்காமல் தெளிவைத்தான் எடுப்பேன்.

இதுவரை சொன்னது ஒரு அடுக்குக்குள் நடப்பது. உண்மையான சண்டை மூன்றாவது திசையில், அதாவது ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குப் போவதில் இருக்கிறது.

தொடக்க காலத்தில் மீனையே நகர்த்தினார்கள். அகர் என்ற ஜெல்லியில் பதித்த மீன்குஞ்சு தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கும், மோட்டார் அதை இரண்டு இரண்டு மைக்ரானாகத் தள்ளும். மெதுவாகப் போகும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். வேகத்தைக் கூட்டினால் அகர் ஜெல்லி ஆட ஆரம்பிக்கும், அடங்கக் காத்திருக்க வேண்டும், அதற்குள் மீனும் துள்ளும். 2008இல் டிம் ஹோலியின் குழு மீனையோ திசுவையோ தொடாமல், ஒளித்தாளையும், மாதிரியைப் பார்க்கிற லென்ஸான ஆப்ஜெக்டிவையும் ஒன்றாகக் கட்டி, வோல்ட்டேஜ் கொடுத்தால் நுண்ணளவு நீளுகிற பீசோவால் நகர்த்தியது. 2013இல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு மையத்தில் ஆரன்ஸ், கெல்லர் குழு தாளைக் கால்வோவிடம் விட்டுவிட்டு ஆப்ஜெக்டிவை மட்டும் பீசோவால் கூடவே ஓட்டியது. ஜீப்ரா மீன்குஞ்சின் மூளையில் சுமார் ஒரு லட்சம் நியூரான்கள். அதில் 80 சதவீதத்துக்கு மேல் தனித்தனி செல்லாக, 1.3 செகண்டுக்கு ஒரு முழு மூளை என்ற கணக்கில் பதிவு செய்தார்கள். ஒரு முதுகெலும்பு உயிரினத்தின் கிட்டத்தட்ட முழு மூளையும் வேலை செய்வதைச் செல் அளவில் மனிதர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். அந்த வீடியோவை நான் இன்றும் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன். ஒரு பக்கம் மின்னியதும் எதிர்ப் பக்கம் பதில் சொல்வது போல மின்னும்.

ஆனால் 1.3 செகண்ட் என்பது மூளைக்கு நீண்ட நேரம். கால்சியம் கூடினால் ஒளிரும் ஜிகேம்ப் என்ற புரதம், நியூரான் சுடும்போது, அதாவது மின்துடிப்பு விடும்போது, சில பத்து மில்லி செகண்டில் ஒளிர்ந்துவிடும். யார் முதலில் சுட்டது, யார் பிறகு என்று தெரிய வேண்டுமானால் செகண்டுக்குப் பத்து மூளையாவது வேண்டும்.

பீசோவை ஏன் அப்படியே வேகமாக ஓட்டக் கூடாது? கணக்குப் போட்டால் தெரியும். ஒரு ஆப்ஜெக்டிவை நடுப்புள்ளியிலிருந்து 100 மைக்ரான் மேலும் கீழுமாக, செகண்டுக்கு 10 முறை ஆட்டினால் உச்ச முடுக்கம் புவியீர்ப்பின் நூற்றில் நான்கு பங்கு. ஒரு பிரச்சினையும் இல்லை. அதையே செகண்டுக்கு 100 முறை என்று ஆக்கினால் புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு, ஏனென்றால் வேகம் பத்து மடங்கு கூடினால் முடுக்கம் நூறு மடங்கு கூடும். சில நூறு கிராம் எடையுள்ள கண்ணாடியும் பித்தளையும், அதுவும் மீன் இருக்கிற அதே தண்ணீரில் முகத்தை முக்கிக்கொண்டு நிற்கிற பொருள், இப்படிக் குதித்தால் தண்ணீர் அலம்பும், மீன் அதை உணரும். பீசோ ஒவ்வொரு முறையும் கீழே வந்துவிட்டு மறுபடி மேலே போவதற்கு எடுக்கும் நேரமும் வீண். லேசர் மார்க்கிங்கில் மெஷினை வேகமாக ஓட்டச் சொல்லி யாராவது கேட்டால் நாங்கள் முதலில் பார்ப்பது கண்ணாடியின் எடையைத்தான். இங்கேயும் அதுதான்.

ஆக, ஆப்ஜெக்டிவை நிறுத்த வேண்டும், ஆனால் ஃபோகஸ் மட்டும் தாளைத் தொடர வேண்டும். இதற்கு மூன்று வழிகள் வந்தன, மூன்றும் எனக்குப் பிடிக்கும், ஒன்றை மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

ஒன்று, 2013இல் ஃபாஹ்ர்பாக், ஹுயிஸ்கன் குழு செய்தது. ரப்பர் போன்ற சவ்வுக்குள் திரவம் நிரப்பிய லென்ஸ், காயிலில் மின்னோட்டத்தைக் கூட்டினால் சவ்வு உப்பும், ஃபோகஸ் மாறும். அசைவது அந்தத் துளி திரவம் மட்டுமே, அதுவும் மீனை விட்டு விலகி, ஆப்ஜெக்டிவுக்குப் பின்னால். அவர்கள் துடிக்கும் மீன் இதயத்தையே இதை வைத்துப் பிடித்தார்கள். வேகம் சில மில்லி செகண்ட் கணக்கு, அதன்பின் திரவம் கொஞ்சம் ததும்பி அடங்கும். இந்த லென்ஸைப் படுக்கை அச்சில் வைத்தால் திரவம் தன் எடையால் கீழே சாய்ந்து படம் கோணும், அதனால் ஒளியை மேலே திருப்பி லென்ஸைச் செங்குத்து அச்சில் வைக்க வேண்டும். சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காயில் சூடாகும்போது ஃபோகஸ் நகரும், அறையின் வெப்பமும் அதோடு சேரும். மே மாதத்தில் ஏசி ஓடி நின்று ஓடி நின்று அறை இரண்டு டிகிரி ஏறி இறங்கினாலே காலையில் செய்த அளவுத் திருத்தம் மதியம் செல்லாது. ஏசியை முன்கூட்டியே ஓடவிட்டு, லென்ஸையும் சோதனையில் ஓட்டப்போகும் அதே அலைவடிவத்தில் சூடாக்கி வைத்த பிறகே அளவுத் திருத்தம் செய்கிறோம்.

இரண்டாவது, சாய்தாள் முறை. 2008இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கிறிஸ் டன்ஸ்பி, ஒரே ஆப்ஜெக்டிவ் வழியாகத் தாளைச் சாய்வாக உள்ளே அனுப்பி, அதே ஆப்ஜெக்டிவ் வழியாகப் படத்தை எடுத்துக் காட்டினார். 2015இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஹில்மன் குழு அதே அடித்தளத்தில் ஸ்கேப் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒரே ஒரு கண்ணாடி திரும்பினால் உள்ளே தாளும் நகரும், வெளியே வரும் படமும் அதே கண்ணாடியில் பட்டு எதிர்த்திசையில் திருப்பப்பட்டுக் கேமராவில் அசையாமல் விழும். தாளும் ஃபோகஸும் விலகிப்போக வாய்ப்பே இல்லை, இரண்டையும் நகர்த்துவது ஒரே கண்ணாடி. ஊர்ந்து போகும் பழ ஈப் புழுவையும் விழித்திருக்கும் எலியின் மூளையையும் அதில் பார்த்தார்கள். இதன் கஷ்டம் வெளியே வந்த பிறகு தொடங்குகிறது, சாய்ந்த படத்தை நிமிர்த்த இரண்டாவது, மூன்றாவது ஆப்ஜெக்டிவ்கள் வேண்டும், அந்தச் சாய்வில் ஒளியில் ஒரு பங்கு தப்பிப்போகும். 2019இல் மில்லெட்-சிக்கிங், யார்க் இருவரும் முனையில் சாய்வாகச் சீவிய கண்ணாடி கொண்ட ஒரு தனி ஆப்ஜெக்டிவை வடிவமைத்தார்கள், ஸ்னவுட்டி என்று செல்லப் பெயர், அந்த இழப்பைப் பெருமளவு அது சரிசெய்கிறது. மூன்று ஆப்ஜெக்டிவ்களை ஒரே கோட்டில் கொண்டுவருவது பொறுமையைச் சோதிக்கிற வேலை, செலவும் அதிகம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. 2015இல் ராஜு தோமர், கார்ல் டைசராத் குழு வெளியிட்ட ஸ்பெட் முறை. தாள் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், அதை ஓட்டுவதே நாம்தான். அப்படியிருக்க, பார்க்கிற லென்ஸும் ஆழத்தைத் துல்லியமாகப் பிரிக்க வேண்டிய அவசியம் என்ன? ஆப்ஜெக்டிவுக்கும் மாதிரிக்கும் நடுவில் ஒளிவிலகல் அதிகமுள்ள ஒரு தடிமனான அடுக்கை வைத்து, லென்ஸ் வடிவமைப்பாளர்கள் ஆயுசு முழுக்க விரட்டுகிற கோளப் பிறழ்ச்சியை (லென்ஸின் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் வெவ்வேறு இடத்தில் குவிகிற குறை) வேண்டுமென்றே வரவழைத்தார்கள். ஒவ்வொரு புள்ளியின் படமும் ஆழத்திசையில் நீண்டுவிடும், அதனால் தாள் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஏறத்தாழ ஃபோகஸிலேயே இருக்கும். லென்ஸ் அசையவில்லை, திரவம் உப்பவில்லை, கேமரா நகரவில்லை, ஓடுவது கால்வோவின் ஒரு துண்டுக் கண்ணாடி மட்டும்தான். கூர்மை கொஞ்சம் போகும், கொடுக்க வேண்டிய விலை அது. நியூரான் ஐந்தாறு மைக்ரான் இருக்கும்போது அந்த இழப்பைத் தாங்கலாம் என்பது என் கருத்து.

இப்படி எடையை எல்லாம் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்றால், ஃபோட்டான், அதாவது ஒளித்துகள். செகண்டுக்கு 10 மூளை, மூளைக்கு 100 அடுக்கு என்றால் 1000 ஃப்ரேம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. 10 மில்லி செகண்டில் ஒரு பிக்சலுக்கு 200 ஃபோட்டான் வந்துகொண்டிருந்தது என்றால் இப்போது 20தான். 200இல் இயற்கையான ஏற்ற இறக்கம் 7 சதவீதம், 20இல் 22 சதவீதம். ஜிகேம்ப் காட்டும் சின்னச் சின்ன மின்னல்கள் அந்த இரைச்சலிலேயே மூழ்கிவிடும். லேசரைக் கூட்டலாம், ஆனால் சாயம் வெளுக்கும், அதோடு மீன்குஞ்சுக்கு நீல ஒளி கண்ணுக்குத் தெரியும். கண்ணின் மேல் தாள் ஓடினால் நாம் பதிவு செய்வது லேசரைப் பார்த்து மிரண்ட மூளையைத்தான். அதனால் கண் இருக்கும் பகுதியில் கற்றையை அணைத்துவிடுகிறோம், அல்லது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து புரதத்தைத் தூண்டுகிற முறைக்குப் போக வேண்டும், அதற்கான லேசரின் விலை வேறு உலகம்.

தரவைப் பற்றி ஒரு வார்த்தை. 2048க்கு 2048 பிக்சல், 16 பிட், செகண்டுக்கு 100 ஃப்ரேம் என்றால் செகண்டுக்கு 840 மெகாபைட், ஒரு மணி நேரத்தில் 3 டெராபைட். சாதாரண ஹார்ட் டிஸ்க் இந்த வேகத்தில் எழுதவே எழுதாது. நல்ல எஸ்எஸ்டிகளை ரிச்சி தெருவில் தேடி வாங்கி இணைத்து வைத்திருக்கிறோம், மூளைக்கு வெளியே இருக்கும் பிக்சல்களைச் சேமிப்பதற்கு முன்பே வெட்டிவிடுகிறோம்.

சென்னையில் மூளைப் படம் என்றதும் பலருக்கும் ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் நினைவுக்கு வரும், 2024இல் கருவிலுள்ள மனித மூளையின் 5132 வெட்டுத் துண்டுகளைச் செல் அளவில் பதிவுசெய்து தரணி என்ற பெயரில் வெளியிட்டார்கள். அது அசைவற்ற திசுவின் மகத்தான வரைபடம். அந்தப் பக்கம் அவ்வளவு பெரிய வேலை நடக்கிற ஊரில், உயிரோடு ஓடுகிற மூளையைப் பார்க்கும் கருவிகளும் நம் கல்லூரிகளில் கட்டப்பட வேண்டும் என்பது என் ஆசை. மீனுக்கும் பஞ்சமில்லை. உலகமெல்லாம் ஆய்வகங்களில் வளர்க்கும் ஜீப்ரா மீன் நம் துணைக்கண்டத்து மீன்தான், 1822இல் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதியபோது விவரித்தது. கொளத்தூர் மீன் கடைகளில் கூட நீந்திக்கொண்டிருக்கும், ஆனால் ஆய்வுக்கு மரபணு மாற்றிய, நோயில்லாத வகையை ஆய்வகத்திலேயே வளர்க்க வேண்டும்.

கட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 2013இல் டோமன்சாக் குழு ஓப்பன்ஸ்பிம் என்று பாகங்களின் பட்டியலோடு வடிவமைப்பை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். பட்ஜெட்டில் பெரும்பங்கைக் கேமராவில் கொட்டாதீர்கள், அதற்கு முன் தாளை ஓட்ட ஒரு நல்ல கால்வோவும் ஃபோகஸை ஓட்டத் திரவ லென்ஸோ ஸ்பெட் போன்ற நீள்ஃபோகஸோ இருக்கட்டும். சாய்தாள் முறையை இரண்டாவது கருவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீனை உடனே வைக்க வேண்டாம். ஒரு மைக்ரானுக்கும் சிறிய ஒளிரும் மணிகளை அகரில் கலந்து வைத்து, முதலில் செகண்டுக்கு ஒரு முழு அடுக்குத் தொகுப்பு, அப்புறம் இரண்டு, ஐந்து, பத்து என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். கால்வோ நாம் சொன்ன நேரத்துக்கு ஒரு மில்லி செகண்டின் சில பங்கு பின்தங்கித்தான் வரும், திரவ லென்ஸ் அதைவிட அதிகமாகப் பின்தங்கும், அதனால் ஒரு வேகத்துக்கு மேல் தாள் ஓரிடத்திலும் ஃபோகஸ் வேறிடத்திலும் இருக்கும், மணிகள் மங்கும். முதலில் மங்குவது தொகுப்பின் இரண்டு முனைகளில், ஓட்டம் திசை திரும்புகிற இடத்தில். அந்தப் பின்தங்கலை ஒவ்வொரு வேகத்துக்கும் அளந்து, அலைவடிவத்தை அவ்வளவு முன்கூட்டியே தொடங்க வைத்தால் போதும், அதே சாமானில் பெரும்பாலும் இரண்டு மடங்கு வேகமாவது கிடைத்துவிடும்.